ஃபுட்பால் சீரிஸ் பாக்கப் போறீங்களா, முதல்ல ஒரு நோட்டு எடுங்க

ஃபுட்பால் டாக்குமெண்டரி சீரிஸ் ஒண்ணு பாத்து முடிச்சதும் "அட, எங்க டீம்லயும் அப்படியே இதேதான்டா"ன்னு சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொல்லிருக்கேன், கொஞ்சம் நோண்டிப் பாத்தா அதுல பாதி கப்சா. நெஜமாவே நம்ம அனுபவத்தையும் சீரிஸையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா, ப்ளே அழுத்துறதுக்கு முன்னாடியே உங்க கதைய எழுதி வச்சிருங்க. பாத்துட்டு எழுத உக்காந்தா முடிஞ்சுது, உங்க ஞாபகத்துலயும் ஸ்லோமோஷன் வந்துரும், பின்னாடி வயலின் வேற வாசிக்கும்.

எல்லா மேட்சையும் எழுத வேணாம், ஒண்ணு போதும், ஸ்கோர விட சில்லறை விஷயங்கள எழுதுங்க. நான் எழுதுனது ஒரு நாக்அவுட் மேட்ச். நான் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டர், கடைசி அஞ்சு நிமிஷம், கார்னர்ல வந்த பால க்ளியர் பண்றேன்னு கால விட்டேன், தொடையில பட்டு எங்க கோலுக்குள்ளயே போயிருச்சு. எழுதும்போது முதல்ல ஞாபகம் வந்தது அந்த கோல் இல்ல. வலது ஷூ லேஸ் அவுந்து சேறு ஒட்டிக் கெடந்ததும், எங்க கோலி, அதான் கோல்கீப்பர், ஒரு வார்த்த கூட திட்டாம பால எடுத்து நடுவுக்கு உருட்டி விட்டதும்தான். திட்டிருந்தா மறந்திருப்பேன்.

எழுதுனத கூட ஆடுன ஒருத்தன்கிட்ட படிச்சுக் காட்டுங்க, இத மட்டும் விட்றாதீங்க. என் ஃப்ரெண்டு கேட்டுட்டு சிரிக்கிறான், "கடைசி அஞ்சு நிமிஷமா? செகண்ட் ஆஃப் ஆரம்பிச்ச உடனேடா அது, அதுக்கப்புறம் இன்னொண்ணும் வாங்குனோம்." ஆக எடிட்டரே இல்லாம நானே கட் பண்ணி வச்சிருக்கேன்.

சீரிஸ்ல உங்க நெலமைக்குக் கிட்ட இருக்கறத எடுங்க. 2017-18 சீசன்ல மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரீமியர் லீக்ல 100 பாயிண்ட் எடுத்தத 'ஆல் ஆர் நத்திங்' சீரிஸ்ல பாத்து நம்ம கதையோட ஒப்பிட்டா கடுப்புதான் மிச்சம். அதே சீசன்ல சண்டர்லேண்ட்ங்கற இங்கிலாந்து கிளப் ரெண்டாவது டிவிஷன்லருந்தும் கீழ எறங்குச்சு, அதத்தான் 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' சீரிஸோட முதல் சீசன் காட்டுது, தோத்துப் பழகுனவங்களுக்கு அதான் சரிப்படும்.

பாக்கும்போது ஒரு கணக்கு மனசுல இருக்கட்டும். அந்த டிவிஷன்ல ஒரு டீமுக்கு 46 லீக் மேட்ச், தொண்ணூறு நிமிஷம்னு வச்சா 69 மணி நேரம் ஆட்டம் மட்டுமே, சீரிஸ்ல அந்த சீசனுக்கு மொத்தமே 8 எபிசோட். அதனால நீங்க பெஞ்ச்ல உக்காந்து கொட்டாவி விட்டது, பஸ் வராம நின்னது எதுக்கும் அங்க ஜோடி கிடைக்காது, அவங்களுக்கும் அது நடந்துச்சு, கட்டாயிருச்சு, அவ்ளோதான். மேட்ச் சீன் ஒண்ண ரெண்டாவது தடவ மியூட்ல போட்டுப் பாருங்க, அப்பவும் தொண்ட அடைச்சா அது ஆட்டம், அடைக்கலன்னா மியூசிக்கு.

டிரெஸ்ஸிங் ரூம் சீன் பாத்து ஏங்காதீங்க. 'ஆல் ஆர் நத்திங்' ஆர்சனல் சீசன்ல அவங்க கோச் ஆர்டெட்டா பிராக்டிஸ் கிரவுண்டுலயே ஸ்பீக்கர் வச்சு லிவர்பூல் ரசிகர்கள் பாட்ட அலற விட்டுப் பழக்குனாரு, அங்க போய் 4-0ன்னு தோத்தாங்க. எங்க கோச் ஆஃப் டைம்ல கேட்டது "தண்ணி பாட்டில் எவன்ட இருக்கு" மட்டும்தான், நாங்களும் தோத்தோம், கம்மியா.

அப்புறம் கேமரா எங்க நிக்குதுன்னு பாருங்க. எனக்கு இது உறைச்சது சண்டர்லேண்ட் ரெண்டாவது சீசன்ல, 2019 பிளேஆஃப் ஃபைனல், ஜெயிச்சா மேல் டிவிஷனுக்குப் போற மேட்ச். அஞ்சாவது நிமிஷத்துல எதிர் டீம் சார்ல்டனோட டிஃபெண்டர் நாபி சார் பின்னாடி தட்டுன பாஸ் கோலிய தாண்டி சொந்த கோலுக்குள்ள உருண்டு போகுது. கதை சண்டர்லேண்ட் பக்கத்துலருந்து போறதால நமக்கு அது அதிர்ஷ்டமா தெரியுது, நான் வீடியோவ நிறுத்திட்டு அந்த மனுசனயே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கடைசில இஞ்சுரி டைம்ல கோல் போட்டு 2-1ன்னு ஜெயிச்சது சார்ல்டன்தான், அந்த தப்புக்கு அப்புறம் அவங்களுக்கு 85 நிமிஷம் மிச்சம் இருந்துச்சு.

ஃப்ரெண்டு சொல்றது சரின்னா எனக்கும் அரை மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருந்திருக்கு. அந்த நேரம் நான் ஓடுனேனா, சும்மா நின்னேனா, நோட்டுல ஒரு வரி இல்ல. அந்தப் பக்கத்த காலியா விட்டு வச்சிருக்கேன், எங்க கோலியோட போன் நம்பர் தேடிட்டு இருக்கேன்.