வாந்திபேதி தெருவுக்குள் வருமுன்: காவிரி டெல்டா வீட்டுக்கு ஒரு தயாரிப்புச் செய்முறை

தொற்றுநோய்க்கு வீட்டைத் தயார் செய்வது என்றதும் கொரோனா நினைப்பில் எல்லோரும் முகக்கவசத்தையும் சானிடைசரையும் தேடுகிறார்கள். கடைமடையில் இருக்கிற நாம் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குடத்தை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அது ஐப்பசி அடைமழைக் காலம்கூட இல்லை. அதனால் மழை வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பெரிய செலவில்லாத வேலைதான் இது.

படி 1: தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

வாசல் குழாய் தரைமட்டத்துக்குக் கீழே, குழிக்குள் இருக்கிறதா? அழுத்தம் போதாத ஊர்களில் குழி வெட்டித்தான் பிடிக்கிறோம். ஆனால் மழை பெய்தால் சாக்கடை அந்தக் குழியில்தான் வந்து நிற்கும். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்ட் வரப்பு கட்டுங்கள். குழாய் வாயைத் தேங்கிய நீர் தொடக்கூடாது.

லைனில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது இன்னும் மோசம். அழுத்தம் குறைந்த குழாயை மோட்டார் இழுக்கும்போது, எங்கோ இருக்கும் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். அதைக் குடிப்பது உங்கள் வீடு மட்டுமல்ல, மொத்தத் தெருவும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

படி 2: கொதிக்க வைப்பது, மூடி வைப்பது

கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிறகு நன்றாகக் குமிழ் புரண்டு கொதிக்க வேண்டும்; கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். வெதுவெதுப்பு வந்ததும் இறக்கிவிடுவது பலருக்குப் பழக்கம். அது வெந்நீர்தானே தவிர, கொதித்த நீர் ஆகாது.

ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷினும் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டியும் நிரம்பவில்லை. ஒரு சிலிண்டர் கூடுதலாக வையுங்கள். முடியாதவர்கள் விறகை நனையாத இடத்தில் அடுக்கி வைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் என்று கணக்குப் போட்டு, மூன்று நாளுக்காவது மூடிபோட்ட பாத்திரங்களில் பிடித்து வைக்கும் வசதி இருக்கட்டும்.

ஆறிய நீரைக் குறுகிய வாயுள்ள குடத்தில் ஊற்றி, சாய்த்து எடுங்கள். அண்டா என்றால் நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ளுங்கள். டம்ளரோடு கையையும் உள்ளே விட்டால் கொதிக்க வைத்ததெல்லாம் வீண்.

பழைய சோறு சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பேதி பரவும் நாட்களில் அதைத் தள்ளி வையுங்கள். இராத்திரி முழுக்க வெளியில் இருக்கும் சோற்றில் கிருமி சுகமாகப் பெருகும். நீராகாரம் இல்லாமல் முடியாது என்கிற தாத்தாவுக்கு, சூடான சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுங்கள்.

படி 3: பிளீச்சிங் பவுடர்

புதிய பாக்கெட்டாக வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் கட்டிதட்டி வீரியம் போய்விடும். தகர டப்பா வேண்டாம், துருப்பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும்.

தொட்டித் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லலாம். பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணிநேரம் விடுங்கள். குடிக்கிற தண்ணீரை அதன்பிறகும் கொதிக்க வைப்பதே நல்லது.

நோயாளி போன கழிவறை, வாந்தி விழுந்த தரை இவற்றுக்கு லிட்டருக்கு 15 கிராம், ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் கழிவறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கழிவறைக்குள் அது ஆளையே சாய்த்துவிடும்.

படி 4: ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்)

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சாவு நூற்றுக்கு மூன்று நான்காக இறங்கியது. கொடுத்தவர்கள் நர்ஸுகள் அல்ல, அம்மாவும் அண்ணனும்தான்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொடி பத்துப் பாக்கெட்டாவது இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வேறு சரக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக்கூடாது. முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, எழுத்தைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கலந்தது 24 மணிநேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் தீர்ந்தால், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

ஒவ்வொரு முறை போனபிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயதுவரை 100 முதல் 200, பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பன்னீர் சோடா வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ். இடத்தை அது நிரப்பாது.

படி 5: நோயாளிக்கு ஒரு மூலை

அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை, தனிப் பாய், தனித் தட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை விருந்தாளிக்கு இடமில்லை. அதே கட்டுப்பாட்டைக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் கொண்டு வாருங்கள். தனி அறை இல்லாத வீட்டில் ஜன்னலோரம் படுக்கை, நடுவில் ஒரு புடவைத் திரை. கவனிக்க ஒரே ஆள், அவர் சமையலில் கை வைக்கக்கூடாது. சோப்பு கிணற்றடியில் ஒன்று, கழிவறை வாசலில் ஒன்று. சளிக்காய்ச்சலாக இருந்தால்தான் முகக்கவசம். நோயாளி, கவனிப்பவர் இரண்டு பேருக்கும்.

டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது, ஆனால் படி 2-ல் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

படி 6: பையும் போன் நம்பரும்

ஆதார், காப்பீட்டு அட்டை, சுகர் பிரஷர் மருந்து ஒரு மாதத்துக்கு, வெப்பமானி, கொஞ்சம் ரொக்கம். ஒரே பையில், வெள்ளம் எட்டாத உயரத்தில்.

மலம் அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனாலும், ஆறு மணிநேரமாகச் சிறுநீர் வராவிட்டாலும், கண் குழி விழுந்தாலும், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பினாலும், குழந்தை துவண்டாலும் 108. வண்டி வரும்வரையும் வண்டிக்குள்ளும், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள். சந்தேகம் கேட்க 104.

தெருவில் இரண்டாவது வீட்டுக்குப் பேதி கண்டாலே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து மறைத்தால், தண்ணீரைப் பரிசோதிக்கவும் தொட்டிக்குக் குளோரின் போடவும் ஆள் வரத் தாமதமாகும்.