இலைச்சருகு போல உட்காரும் அந்துப்பூச்சி: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு மாதிரியான புதர்க்காடுகளை ஒட்டி வீடு இருக்கிறதா? ராத்திரி வாசல் விளக்குக்கு வரும் பூச்சிகளில் யூடோசிமா மெட்டர்னாவும் ஒன்றாக இருக்கலாம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1767-இல் பெயரிட்ட இனம். விவசாயிகளுக்கு இது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி.

பலரும் சறுக்குவது, அது உட்கார்ந்திருக்கும் கோலத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவதில்தான். மூடிய முன் இறக்கை பார்க்க அசல் சருகு. அதை நம்பக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த இறக்கையின் கோலமே வேறு என்பதால், ஒரே இனத்தை இரண்டாகக் குறித்துவைப்பவர்களும் உண்டு. விஷயம் பின் இறக்கையில் இருக்கிறது. நல்ல ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், அந்த ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள், நடுவில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டுக்குப் பதில் வளைந்த தடித்த பட்டை இருந்தால் அது அதன் உறவுக்கார இனமான யூடோசிமா ஃபலோனியாவாக இருக்கலாம்.

அதற்காகக் குச்சியால் குத்தி இறக்கையை விரிக்க வைக்காதீர்கள். செதில்கள் உதிர்ந்துவிடும், பூச்சிக்கும் கேடு. பெரிய அந்துப்பூச்சிகள் பறக்கும் முன் இறக்கையை அதிரவிட்டு உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். போனைத் தயாராக வைத்துக் காத்திருந்தால் அப்போது ஆரஞ்சு தெரியும். தெரியவே இல்லையா? சரி, யூடோசிமா என்ற பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின் பெயரோடு, நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிய இறக்கைப் படத்துக்கு, பூச்சியை அடையாளம் காட்டும் போன் ஆப் சொல்லும் இனப்பெயரை அப்படியே ஏற்பதைவிட அது எவ்வளவோ நேர்மையானது. பழைய நூல்களில் இது நாக்டுயிடே குடும்பத்தில் இருக்கும். இப்போது எரிபிடே.

அப்புறம் புழு. காலி மனை வேலியில் படர்ந்த சீந்தில் கொடியைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத்தைச் சுருட்டி, வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, உடம்பின் பக்கவாட்டில் கண் போன்ற பொட்டுகளோடு ஒரு கருமையான புழு இருக்கலாம். பார்த்தால் பயமாக இருக்கும், அவ்வளவுதான். சுணை முடி கிடையாது. விஷப்புழு என்று நசுக்கிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம் தரும் பழக்கம்.

வளர்ந்த பூச்சியால் சேதம் உண்டு, மறுப்பதற்கில்லை. முனையில் முட்கள் கொண்ட உறுதியான உறிஞ்சுகுழலால் மாதுளை, சாத்துக்குடி, கொய்யாவைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். ஊசி குத்தியது போன்ற ஓட்டை, சுற்றிலும் மெத்தென்று ஆகி அழுகல், பிறகு பழம் உதிரும். பழ ஈ என்று நினைத்துவிடாதீர்கள். பழத்தை அறுத்துப் பாருங்கள்: பழ ஈ தாக்கியதில் உள்ளே புழு நெளியும். இதில் ஓட்டைக்கு அடியில் சதை பஞ்சு போல இருக்கும், இந்தப் பூச்சியின் புழு இருக்காது.

உடனே மரத்துக்கு மருந்து அடிப்பதில் அர்த்தமில்லை. இதன் புழு கொய்யா இலையைத் தின்பதில்லை, சீந்தில் வகைக் கொடிகளில் வளர்கிறது. பூச்சி இரவில் வெளியிலிருந்து பறந்து வந்து குடித்துவிட்டுப் போகிறது. பெரிய பழத்தோட்டக்காரர் பக்கத்துச் சீந்திலை அகற்றுவது புரிகிறது. மாடியோரம் ஒரு மாதுளை வைத்திருப்பவர், புதர்க்காட்டின் கொடியை வெட்டவே கூடாது என்பேன். காய் பழுக்கத் தொடங்கும் முன் துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிடுங்கள், உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். வீட்டு மரத்துக்கு அதுவே போதும்.