ஏர் ஃப்ரையரில் ராகி பக்கோடா
தர்மபுரியில் எங்கள் வீட்டில் மழை என்றால் ராகி பக்கோடாதான். அப்பாவுக்கு டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதால் ஏர் ஃப்ரையர் வாங்கினோம். ஆனால் எண்ணெய்ச் சட்டிக்குப் பிசையும் அதே மாவு இதில் வெளியே வெளுத்துக் காய்ந்து, உள்ளே வேகாமல் வந்தது. சுற்றுகிற சூடான காற்று மேல்பக்க ஈரத்தை முதலிலேயே இழுத்துவிடுகிறது.

இப்போது இரண்டு கரண்டி எண்ணெயைக் காய்ச்சி மாவில் ஊற்றிக் கிளறி, அப்புறம்தான் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டுக் கெட்டியாகப் பிசைகிறேன். உருட்டாமல் தட்டையாகக் கிள்ளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மேலே லேசாக எண்ணெய் தடவி, 180 டிகிரி. பாதியில் திருப்பிவிட்டால் ஓரமெல்லாம் மொறுமொறு. அப்பா தட்டைக் காலி செய்துவிடுகிறார்!

1500 வாட் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கில் வேண்டாம், 16 ஆம்பியர் பாயிண்டில் மாட்டுங்கள்.