கேஸ் ஓவனா, கரண்ட் ஓவனா? வாங்கும்முன் செய்யும் தவறுகள்

ஓவன் வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்ததுமே "கரண்ட் பில் எகிறிடாதா?" என்று ஒரு குரல் வரும். உடனே மனசு கேஸ் ஓவன் பக்கம் சாயும். முதல் தவறு அதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய கரண்ட் ஓவன்) ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் ஒன்றரை யூனிட். ஆனால் அது இடைவிடாமல் ஓடாது. வைத்த சூடு வந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ளே சூடாகும் ராடை அணைத்துவிடும். சூடு இறங்கினால் மறுபடி போடும். முன்சூடு சேர்த்தாலும் ஒரு கேக்குக்கு சுமார் ஒரு யூனிட். வாரம் ஒரு கேக் போட்டால் இரண்டு மாத பில்லில் எட்டு, ஒன்பது யூனிட் கூடும். படுக்கையறை ஏசி ஒரு ராத்திரியில் கிட்டத்தட்ட அவ்வளவு இழுத்துவிடும், அதை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டியே ஓடுகிறது என்றால் மட்டும் கவனம் தேவை. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

கேஸிலும் வீணடிப்பு உண்டு. தீ எரியக் காற்று உள்ளே வர வேண்டும், எரிந்த காற்று வெளியேற வேண்டும். அந்த வழியாகவே சூடும் வெளியே போகும். ஆகவே செலவை வைத்து முடிவெடுப்பதில் பெரிய அர்த்தமில்லை. சூடு எங்கிருந்து வருகிறது, எப்படிப்பட்ட சூடு என்பதில்தான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம்.

கேஸ் ஓவனில் பர்னர் பெரும்பாலும் அடித்தட்டுக்குக் கீழே இருக்கும். அடி சீக்கிரம் சிவக்கும், மேல்பக்கம் வெளிறியே நிற்கும். பிஸ்கட்டின் அடி கருகி, பன்னின் தலை நிறமே ஏறாமல் இருப்பது இதனால்தான். இன்னொன்று, கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதனால் உள்ளே காற்று சற்று ஈரமாகவே இருக்கும். முழுக்கோழி வாட்ட அது நல்லதுதான். மொறுமொறு பிஸ்கட்டுக்கும் பஃப்ஸுக்கும் வறண்ட சூடு வேண்டும். அது கரண்ட் ஓவனில் எளிதாகக் கிடைக்கும். மேலே ஒரு ராடு, கீழே ஒரு ராடு, வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஃபேன் இருந்தால் சூடு பரவலாகப் பாயும். அப்போது செய்முறையில் உள்ள வெப்பநிலையை 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு "ஓவன் சரியில்லை" என்று திட்டுபவர்கள் நிறைய. கேஸ்தான் வேண்டும் என்றால், மேலே கிரில்லுக்குத் தனி பர்னரோ கரண்ட் ராடோ இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் டிகிரி முள்ளைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. சில கேஸ் ஓவன்களில் அந்த முள் சூட்டைக் காட்டும், அவ்வளவுதான். கட்டுப்படுத்துவது நீங்கள் திருகும் குமிழ். அடுப்பை சிம்மில் வைப்பது மாதிரி நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா, குறைந்தபட்சம் எத்தனை டிகிரிக்கு இறங்கும் என்று கடையில் கேளுங்கள். மெரிங் (முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் செய்யும் இனிப்பு) போல 100 டிகிரியில் மெதுவாக உலர்த்த வேண்டிய பண்டங்களைப் பல கேஸ் ஓவன்களில் செய்யவே முடியாது.

கரண்ட் ஓவன் வாங்குபவர்கள் சறுக்குவது சுவரில். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1380 வாட்தான். கொஞ்சம் பெரிய ஓடிஜி பெரும்பாலும் அதைத் தாண்டும். 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், ஒழுங்கான எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதிலேயே மிக்ஸியையும் போட்டால் ஒயர் உருகும். அலமாரிக்குள் பதிக்கும் ஓவன்கள் 3000 வாட் வரைகூடப் போகும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். எனவே ஓவனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை.

கேஸ் ஓவனில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று சொல்வது ஒன்று: தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு. அடுப்பில் தீ அணைந்தால் கண்ணுக்குத் தெரியும். மூடிய கதவுக்குள் அணைந்தால் தெரியாது, கேஸ் தேங்கிக்கொண்டே இருக்கும். பற்றவைக்கும்போது கதவைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். ரப்பர் ட்யூப் ஓவனின் முதுகில் உரசக் கூடாது. குழாய் கேஸ் வந்திருக்கும் வீடுகளில் ஜெட்டை (கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள பாகம்) மாற்றாமல் சிலிண்டருக்கான ஓவனை மாட்டாதீர்கள். இரண்டு கேஸின் அழுத்தமும் வேறு.

"கரண்ட் போனால் என்ன செய்வது?" என்று கேஸுக்குப் போகிறவர்கள் உண்டு. பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும், அன்று கேக் போடாமல் இருந்தால் போதும். அடிக்கடி கரண்ட் போகிற ஊரென்றால் சரி, அது நியாயமான காரணம்தான்; சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஓவனை இழுக்காது. ஆனால் சில கேஸ் ஓவன்களும் கரண்ட் இல்லாமல் பற்றாது என்பதை மறக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு 25 முதல் 35 லிட்டர் ஓடிஜி போதும். லிட்டரை நம்பி வாங்காமல் உங்கள் கேக் டின்னைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். நாலாபக்கமும் காற்று போக இடம் வேண்டும். வெறும் மைக்ரோவேவை ஓவன் என்று விற்றால் தலையாட்டாதீர்கள், அதில் எதுவும் சிவக்காது.

ஆர்டர் எடுத்து கேக் விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டு ஓவன்களின் வாரண்டியும் பெரும்பாலும் வியாபார உபயோகத்துக்குச் செல்லாது. பணம் கட்டும்முன் வாரண்டி அட்டையை வாங்கிப் படித்துவிடுங்கள்.