ஊர்ப் பஞ்சாங்கத்தை லண்டனில் பார்ப்பது எப்படி: நெல்லைச் சீமையிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களிலிருந்து வருபவர்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் அதில் அச்சிட்ட மணியை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே நல்ல காரியங்களைத் தொடங்க வேண்டாம்.

வாரம் (அதாவது கிழமை), திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்தில், வாரம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. மற்ற நான்கும் வானில் சூரிய சந்திரர் நிற்கும் நிலையைக் கொண்டு கணிக்கப்படுபவை. சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி என்பதால், அது தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. கடிகாரம் காட்டும் மணிதான் வேறு. ஊர் நேரத்திலிருந்து இங்கே கோடையில் 4½ மணி நேரமும் குளிர்காலத்தில் 5½ மணி நேரமும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதனால் தேதியே மாறுவதுண்டு. ஆடி அமாவாசைத் திதி ஊரில் ஒரு நாள் மாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம் வரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாபநாசத்தில் தாமிரபரணியில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள் மறுநாள்தான் அதைச் செய்வார்கள். லண்டனிலோ அத்திதி முதல் நாள் முற்பகல் 11.30க்கே தொடங்கி மறுநாள் 11.30க்கு முடிந்துவிடுகிறது; தர்ப்பணத்துக்குரிய பிற்பகலில் அமாவாசை இருப்பது முதல் நாளில்தான். ஊரில் செய்யும் தேதியிலேயே நாமும் செய்ய வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இக்கணக்கைப் பொறுமையாக விளக்குங்கள். முன்னோர் கடனில் திதி தவறக் கூடாது என்பதே அவர்களுடைய கவலையும்.

ராகு காலத்துக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது. அது உள்ளூர்ப் பகற்பொழுதை எட்டாகப் பகுத்து வருவது. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நான்காம் பங்கு. ஊரில் மனப்பாடமாக இருக்கும் திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்பது, ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் பகலுக்கு உரியது. ஜூன் மாதக் கடைசியில் லண்டனில் சூரியன் 4.45 அளவில் உதித்து இரவு 9.20 அளவில்தான் மறைகிறது. ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதால், திங்கட்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 6.50க்குத் தொடங்கி 8.55 வரை நீள்கிறது. டிசம்பர்க் கடைசியில் அதுவே ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எமகண்டமும் குளிகையும் இவ்வகைப்பட்டவையே. ஆகவே புது வீட்டில் பால் காய்ச்ச, ஊரிலிருந்து அம்மா காலண்டரைப் பார்த்து நேரம் குறித்துச் சொன்னால், அந்த மணியை இங்குள்ள உதயத்தைக் கொண்டு சரிபார்த்த பிறகே அடுப்பை ஏற்றுங்கள்.

வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவேறு கணிப்பு முறைப் பஞ்சாங்கங்களுக்கிடையே திதி முடிவில் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபாடு வரும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே தொடருங்கள்.

குழந்தை பிறந்தால் இங்குள்ள தேதி, மணி, ஊர்ப் பெயர் மூன்றையும் அப்படியே சோதிடரிடம் கொடுங்கள். கோடை நேரம் நடப்பில் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளி அதிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கப்படி கிழமை வியாழன்தான்.