ஔலுவுக்கு வரும் தமிழர்களுக்கு: காகிதம், குளிர், அப்புறம் மனிதர்கள்

பின்லாந்தின் ஔலுவில் வேலையோ படிப்போ கிடைத்துப் புறப்படப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம், அதற்கு நல்ல உடுப்பும் கொஞ்சம் பழக்கமும் போதும். நான் பார்த்தவரை இங்கே வந்தவர்களை வாட்டுவது தனிமைதான். ஆகவே காகித வேலைகளையும் குளிரையும் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு, மனிதர்களோடு பழகுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர், ரயிலில் ஆறு மணி நேரம் போல ஆகும். ஔலு ஆறு பொத்னியா வளைகுடாவில் கலக்கும் இடத்தில், 1605-இல் உருவான ஊர், இன்று இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். நம்மவர்களை இங்கே இழுத்து வருவது பெரும்பாலும் பல்கலைக்கழகமும் நோக்கியாவைச் சுற்றி வளர்ந்த தொலைத்தொடர்பு, மென்பொருள் வேலைகளும்தான். 2026-க்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்ற பெயரும் இந்த ஊருக்குக் கிடைத்திருக்கிறது.

வந்த முதல் வாரத்திலேயே மக்கள் பதிவு அலுவலகத்தில் (இங்கே டிவிவி என்பார்கள்) முகவரியைப் பதிந்து, இந்த நகராட்சியின் குடியிருப்பு உரிமையையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். தனிநபர் எண் பெரும்பாலும் தங்கும் அனுமதியோடேயே வந்துவிடும், ஆனால் குடியிருப்பு உரிமை தனி. அது இருந்தால்தான் சுகாதார நிலையம், பிள்ளைகளின் பகல்நேரக் காப்பகம் எல்லாம் சிக்கலில்லாமல் நடக்கும். வரி அட்டையை வேலைக்குச் சேர்வதற்குள் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சம்பளத்திலேயே பெரிய பங்கை வரியாகப் பிடித்துவிடுவார்கள். எல்லாவற்றிலும் நேரம் இழுப்பது வங்கிக் கணக்கு. கணக்கோடு தரும் இணைய வங்கி நுழைவு இங்கே அடையாள அட்டை மாதிரி, வரி, மருத்துவம், கேலா என்ற சமூகக் காப்பீட்டு அலுவலகம் என எதைத் திறந்தாலும் அதைத்தான் கேட்கும். அதனால் வந்த அன்றைக்கே வங்கியில் நேரம் கேட்டு வையுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே வரும் சிக்கல் ஒன்று உண்டு, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், இங்கே கடிதங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும், அடுக்குமாடி வீட்டின் கதவிலும் அதைத்தான் ஒட்டுவார்கள். மனைவிக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் வரலாம். மூன்றையும் கதவில் போடச் சொல்லி வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்திடம் கேளுங்கள், கேட்டால் போட்டுத் தருவார்கள். கதவில் பெயர் இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடக்கூடும், வங்கி அட்டை முதல் மருத்துவமனைத் தேதி வரை முக்கியமானதெல்லாம் தபாலில் வருகிற நாடு இது.

இனிக் குளிர். ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் இருபதுக்குக் கீழே போகிற நாட்கள் உண்டு. உள்ளே கம்பளி, நடுவில் ஒரு கனமான உடுப்பு, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிக்கொண்டால் போதும். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் குளிருக்கு ஆகாது. சென்னையிலோ கொழும்பிலோ பெரிய விலை கொடுத்து ஜாக்கெட் வாங்கி வராதீர்கள், இங்கே பழைய பொருள் கடைகளிலேயே நல்லது மலிவாகக் கிடைக்கும். குளிரைவிட வழுக்கும் பனிக்கட்டிதான் ஆபத்து, அடியில் ஆணி பதித்த காலணியோ காலணி மேல் மாட்டும் ஆணிப் பட்டையோ கட்டாயம் வாங்குங்கள். இருட்டில் மின்னும் பிரதிபலிப்பான் ஒன்றை ஜாக்கெட்டில் தொங்கவிடுங்கள், அது சட்டமும்கூட.

எல்லோரும் ஜனவரிக்குப் பயப்படுகிறார்கள், என் பார்வையில் கடினமான மாதம் நவம்பர். வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், பனி இன்னும் நிலைத்திருக்காது, தரையெல்லாம் கறுப்பாகவும் ஈரமாகவும் கிடக்கும். டிசம்பர் கடைசியில் பகல் மூன்றரை மணி நேரம்தான். அந்த நேரத்தில் நண்பகலில் கால் மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள், வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் வெளிச்ச விளக்கு முன்னால் உட்காருவது பலருக்கு உதவுகிறது. தூக்கமும் பசியும் மாறி எதிலும் மனம் ஒட்டாமல் போனால் சும்மா இருக்காமல் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், இங்கே யாரும் அதை வெட்கமாக நினைப்பதில்லை. மார்ச் வந்தால் வெயிலும் பனியும் சேர்ந்து கண் கூசும், கடல் உறைந்து கிடக்கும், நல்லிகாரி கடற்கரையில் மக்கள் உறைந்த கடல் மேலேயே நடப்பார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த மாதம் அதுதான். ஜூனில் இருபத்திரண்டு மணி நேரப் பகல், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை இல்லாமல் தூங்க முடியாது.

சைக்கிள் ஒன்று வாங்குங்கள். 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிற ஊர், குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான உலக மாநாடு முதன்முதலில் 2013-இல் நடந்ததும் இங்கேதான். பனி கொட்டினாலும் காலையில் பாதையைச் சீர்செய்துவிடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் மைனஸ் பதினைந்திலும் சைக்கிளில்தான் போவார்கள். முன்விளக்கு, பின்விளக்கு, பனிக்கு ஏற்ற டயர், இவை மூன்றும் அவசியம்.

சரி, மனிதர்களுக்கு வருவோம்.

பின்லாந்துக்காரர்கள் பேச மாட்டார்கள் என்று சொல்லியே உங்களை அனுப்பியிருப்பார்கள். லிஃப்டில் பேச மாட்டார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் தள்ளிப்போய் உட்காருவார்கள், அதெல்லாம் உண்மை. அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்குள்ளும் அப்படித்தான். நம் ஊரில் பழகிய பிறகு சேர்ந்து ஏதாவது செய்கிறோம், இங்கே சேர்ந்து ஏதாவது செய்துதான் பழகுகிறார்கள். அதனால் வாரம் ஒரு முறை, ஒரே இடம், ஒரே நேரம் என்று ஏதாவது ஒன்றில் சேருங்கள். பாடகர் குழு, பூப்பந்து, பனிச்சறுக்கு, தையல், குளிர்காலத்தில் பனியைத் துளைத்து நீரில் இறங்கும் குழு, எதுவானாலும் சரி. முதல் சில வாரங்கள் யாரும் உங்களோடு பேசாமல்கூட இருக்கலாம். தொடர்ந்து போங்கள். நீங்கள் வராத ஒரு வாரத்துக்கு அடுத்த வாரம் யாராவது "போன தடவை காணவில்லையே" என்று கேட்பார், அங்கிருந்துதான் நட்பு தொடங்கும். தொடங்கிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

வீட்டுக்கு அழைப்பதிலும் முறை வேறு. நம்மைப் போல "இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்தேன்" என்று போய் மணி அடித்தால் திகைத்துப்போவார்கள். ஒரு வாரம் முன்பே செய்தி அனுப்புங்கள், நாளும் மணியும் சொல்லுங்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே கதவருகில் நிற்பார்கள், அதற்குள் சாம்பார் கொதித்திருக்க வேண்டும். அழைக்கும்போதே என்ன சாப்பிட மாட்டீர்கள் என்று கேளுங்கள். பால் சர்க்கரை செரிக்காதவர்களும் கோதுமை ஆகாதவர்களும் இங்கே நிறைய. பாயசத்துக்கு லாக்டோஸ் இல்லாத பால் எந்தக் கடையிலும் கிடைக்கும், இட்லியும் தோசையும் கோதுமை இல்லாதவை என்று தெரிந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. காரம் குறைவாகச் செய்து ஊறுகாயைத் தனியாக வையுங்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தட்டில் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், அவர்கள் போதும் என்றால் போதும்தான். தட்டில் மிச்சம் வைப்பதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள், நீங்கள் போடப்போட வேறு வழியில்லாமல் தின்று தீர்ப்பார்கள்.

நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் நம்மைப் போலவேதான். காபி கட்டாயம் வரும். ரொட்டிப் பாலாடைக்கட்டி என்று ஒன்று, பன்னீர் மாதிரிச் சுட்டு, மேலே மஞ்சள் நிறக் காட்டுப்பழ ஜாம் வைத்துத் தருவார்கள், சைவ உணவுக்காரர்கள் இந்த வடக்குப் பகுதியில் தைரியமாக ரசிக்கக்கூடியது அது (பாலை உறைய வைக்க என்ன சேர்க்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்). சௌனா என்ற நீராவிக் குளியலுக்கு அழைத்தால் அது நம்பிக்கையின் அடையாளம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாகப் போவதுதான் வழக்கம், குடும்பம் என்றால் சேர்ந்து. உடையில்லாமல் உட்காருவது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் துண்டு கட்டிக்கொள்ளலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். நேராகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சாக்குச் சொன்னால்தான் குழம்புவார்கள். அலுவலகத்திலும் அப்படியே. பேராசிரியரானாலும் மேலாளரானாலும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், சார், மேடம் எல்லாம் வேண்டாம். முதலில் நாக்கு கூசும்.

பலருக்கு இங்கே முதலில் கிடைக்கும் நெருங்கிய நண்பர் பின்லாந்துக்காரராக இருக்க மாட்டார். பின்னிஷ் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஈரானியப் பெண்ணோ, மாணவர் குடியிருப்பில் துணி துவைக்கும் அறையில் சந்தித்த நேபாளத்துப் பையனோ, பிள்ளையின் காப்பகத்தில் பார்த்த உக்ரைன் அம்மாவோ இருப்பார்கள். எல்லோரும் ஒரே தவிப்பில் இருப்பதால் பேச்சு சுலபமாகத் தொடங்கும். 2022-க்குப் பிறகு உக்ரைனிலிருந்து நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், அதே வகுப்பில் ரஷ்ய மொழி பேசுபவர்களும் இருப்பார்கள். ஊரை, வீட்டை, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த மேசையில் யாரை எப்படிப் பேசவிட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எல்லோரும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து உண்ணும் விருந்து இந்தக் கூட்டத்துக்குச் சரியான வழி. ஹலால், பன்றி, மாட்டிறைச்சி, சைவம் என்று ஆளுக்கொரு வரம்பு இருக்கும், ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் என்ன இருக்கிறது என்று சின்னச் சீட்டு எழுதி வைத்தால் யாரும் யாரையும் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம். கரண்டியும் பாத்திரத்துக்கு ஒன்று. இரவு பத்து மணிக்கு மேல் பெரும்பாலான கட்டிடங்களில் அமைதி நேரம், மிக்ஸியும் பாட்டும் அதற்கு முன்பே முடியட்டும்.

மாவைப் பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். அறைச் சூட்டில் குளிர்காலத்தில் மாவு புளிக்க இழுக்கும். பாத்ரூம் தரை சூடாக இருக்கும் வீடென்றால் மூடிய பாத்திரத்தை இரவு அங்கே வையுங்கள், இல்லையென்றால் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். கறிவேப்பிலை கிடைத்தால் கழுவித் துடைத்து பிரீசரில் போட்டு வைக்கலாம். தாளிக்கும்போது ஜாக்கெட் மாட்டியிருக்கும் அலமாரியை மூடிவிடுங்கள், கம்பளியில் ஏறிய வாசனை வாரக்கணக்கில் போகாது.

ஆங்கிலத்தை வைத்தே இங்கே ஓட்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேலையில் ஓட்டலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியோடும், பிள்ளையின் நண்பனின் பெற்றோரோடும், கிளப்பில் இடைவேளையில் நடக்கும் பேச்சோடும் சேர பின்னிஷ் வேண்டும். நமக்கு அது நினைப்பதைவிட எட்டும் மொழி. குறில் நெடிலும் இரட்டிக்கும் மெய்யும் அங்கேயும் பொருளை மாற்றும், வேற்றுமை உருபுகளைச் சொல்லின் பின்னால் ஒட்டுவதும் நம்மைப் போலவே. நகராட்சியின் பன்பண்பாட்டு மையமான வில்லா விக்டோரில் விசாரியுங்கள், நூலகங்களிலும் காபி குடித்தபடி மொழி பழகும் கூட்டங்கள் உண்டு, இலவசம். நீங்கள் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அது உதவும் எண்ணத்தில்தான். "பின்னிஷிலேயே பேசுவோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள், பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

பிள்ளைகள் நம்மைவிட வேகமாக ஒட்டிக்கொள்வார்கள். பள்ளியில் மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம், சைவமும் கேட்கலாம். மழையோ பனியோ இடைவேளையில் வெளியேதான் விளையாட விடுவார்கள், அதனால் நீர் புகாத கால்சட்டை இரண்டு ஜோடி வாங்குங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள், ஆசிரியர்களே அதைத்தான் சொல்வார்கள். தாய்மொழி வகுப்பு வேண்டும் என்று பள்ளியில் கேட்டு வையுங்கள், கேட்கும் பெற்றோர் போதிய அளவு சேர்ந்தால்தான் நகராட்சி யோசிக்கும்.

நம்மவர்களின் வட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் கிடக்கும்போது ரசம் வைத்துக் கொண்டுவருவது அவர்கள்தான். ஆனால் வார இறுதி முழுவதும் அங்கேயே கழிந்தால் ஊர் உங்களுக்கு அந்நியமாகவே இருக்கும். பொங்கலுக்கு மற்றவர்களையும் கூப்பிடுங்கள், ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் அவர்கள் காட்டுக்குப் பழம் பறிக்கப் போகும்போது கூடவே போங்கள். காட்டுப்பழமும் காளானும் யார் நிலமானாலும் பறிக்கலாம், வீட்டு முற்றமும் தோட்டமும் தவிர. கொசுவுக்கு மருந்து எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது வந்து போகிறவர்களின் ஊர். படிப்பு முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்ததும் நண்பர்கள் ஹெல்சிங்கிக்கோ ஸ்வீடனுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுவார்கள், வருடா வருடம் மே, ஜூனில் யாரையாவது ரயில் ஏற்றிவிட வேண்டியிருக்கும். மனதுக்குக் கஷ்டம்தான். போகிறவர்கள் சைக்கிள், கட்டில், குளிர் ஜாக்கெட், குக்கர் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஆகஸ்டில் வரப்போகிறீர்கள் என்றால் மே மாதத்திலேயே இங்கே இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள், உங்கள் அளவு ஜாக்கெட் என்ன, எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் சேர்த்து. யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் எடுத்து வைப்பார்.