உறைதல் சோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பும் முறை: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு

குமுளியிலும் வண்டிப்பெரியாரிலும் காலையில் எடுக்கும் இரத்தம் சில வேளைகளில் மலைப்பாதை இறங்கி, லோயர் கேம்ப் வழியாகக் கம்பத்திற்கோ தேனிக்கோ சென்ற பிறகுதான் பரிசோதிக்கப்படுகிறது. தைராய்டு போன்ற சோதனைகளுக்கு இந்தப் பயணம் பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பிடி-ஐஎன்ஆர், ஏபிடிடி ஆகிய உறைதல் சோதனைகளில், எடுத்த விதமும் வைத்த விதமுமே முடிவை மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு படியையும் காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். எங்கள் பகுதியில் சோதனை எழுதிய சீட்டு மலையாளத்திலும், நோயாளியின் பேச்சு தமிழிலும், டியூப் மேல் ஒட்டும் சீட்டு ஆங்கிலத்திலும் இருக்கும். கேரளத்தில் முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதுவதும் தமிழ்நாட்டில் முன்னால் எழுதுவதும் சேர்ந்து ஒரே ஆளை இருவராக்கிவிடும். ஆகவே பெயரை நீங்கள் சொல்லி ஆமாம் போட வைக்காமல், நோயாளியின் வாயாலேயே பெயரையும் வயதையும் சொல்லச் செய்யுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம், ஹெப்பாரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா என்று கேட்டுச் சீட்டில் குறித்துவிடுங்கள்.

அடுத்து டியூப். 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் உள்ள, வெளிர் நீல மூடி போட்ட டியூபையே எடுக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிகெட் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. பல டியூப்கள் எடுப்பதானால், இரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்கு அடுத்தபடியாக, சிவப்பு, பச்சை, ஊதா மூடிகளுக்கு முன்பாகவே நீல மூடி வர வேண்டும். ஊதா டியூபில் உள்ள இடிடிஏ துளியளவு கலந்தாலும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும் நேரத்தை நீட்டிவிடும். பட்டர்ஃபிளை ஊசி என்றால் அதன் குழாயில் உள்ள காற்று டியூபுக்குள் போய் அளவைக் குறைக்கும். அதனால் முதலில் ஒரு டியூபை இணைத்துக் குழாயில் இரத்தம் நிறைந்ததும் அதை ஒதுக்கிவிட்டு, அடுத்ததைப் பயன்படுத்துங்கள். ட்ரிப் ஏறும் கையில் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

இனி மிக முக்கியமான படி: டியூபைக் குறியிட்ட கோடு வரை நிரப்புவது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பதே கணக்கு. 3 மில்லி டியூபில் 0.3 மில்லி சிட்ரேட் இருக்கும், 2.7 மில்லி இரத்தம் சேர வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாமல் காக்கிறது. ஆய்வகத்தில் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் உறைதலைத் தொடங்கி நேரம் பார்க்கிறார்கள். இரத்தம் குறைந்தால் மிஞ்சி நிற்கும் சிட்ரேட் அந்தக் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ள, இல்லாத தாமதம் இருப்பதாகக் காட்டும். பணியில் சேர்ந்த புதிதில், இதய வால்வு மாற்றி வார்ஃபரின் எடுத்துவந்த ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி அம்மாவுக்கு நரம்பு கிடைக்காமல், பாதி நிரம்பிய டியூபை அப்படியே அனுப்பிவிட்டேன். உறைவதில் தாமதத்தைக் காட்டும் எண்ணான ஐஎன்ஆர் கூடுதலாக வந்து மாத்திரை நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து முறையாக எடுத்தபோதுதான் பிழை என் டியூபில் இருந்தது தெரிந்தது. வால்வு வைத்தவருக்கு இரண்டு நாள் மருந்து இல்லாமல் போவது சிறிய விஷயம் அல்ல. கோடு வரை வரவில்லை என்றால், தயங்காமல் வேறு இடத்தில் குத்தி மறுபடி எடுங்கள். இரண்டு அரை டியூப்களை ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது.

ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குப் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, குறைவு என்பதால் கோடு வரை நிரப்பினாலும் இதே பிழை வரும். சிட்ரேட்டைக் குறைத்த டியூப் வேண்டும் என்று ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

எடுத்தவுடன் மூன்று முதல் ஆறு தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். கலக்காமல் விட்டால் நூல்போலக் கட்டி விழும். கட்டி விழுந்த இரத்த மாதிரி எதற்கும் உதவாது.

அனுப்பும்போது ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். மற்ற டியூப்களோடு சேர்த்து ஐஸில் வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது, அதைக் கைவிட வேண்டும். குளிரில் ஏழாம் உறைதல் காரணி தூண்டப்பட்டுப் பிடி நேரம் குறையக்கூடும். உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதமும் குறைந்துபோகும். மூடி திறக்காத டியூபை அறை வெப்பத்தில், 18 முதல் 24 டிகிரிக்குள், நிமிர்த்தி வைத்து அனுப்புங்கள். மேலே குமுளியில் சில்லென்றிருந்தாலும் கீழே கம்பம் வெயிலில் வண்டி கொதிக்கும். தெர்மாகோல் பெட்டி ஐஸ் இல்லாமலே போதும். பிடிக்கு 24 மணி நேரம் வரை அவகாசம் உண்டு, ஏபிடிடிக்கு 4 மணி நேரம்தான். ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருப்பவரின் மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் தட்டணுக்களிலிருந்து வெளிவரும் புரதம் ஹெப்பாரினைச் செயலிழக்கச் செய்யும்.

ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜில் 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுவது வழக்கம். ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஜி விசையும் (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு) ஒன்றல்ல; உங்கள் இயந்திரத்தின் ரோட்டார் ஆரத்துக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவில் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்கும் குறைவாக இருக்க வேண்டும். பிளாஸ்மாவைப் பிரிக்கும்போது கண்ணாடி வேண்டாம், அது உறைதலைத் தூண்டும். பிளாஸ்டிக் பிப்பெட்டால் மேல்பகுதியை மட்டும் எடுத்து, வெள்ளணுப் படலத்துக்கு மேலே சிறிது பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிடுங்கள். உறைதல் சோதனையில் குறுக்கிடும் ஒருவகை எதிர்ப்புப் பொருளைத் தேடும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனைக்கும், உறைநிலையில் சேமிப்பதற்கும், அந்தப் பிளாஸ்மாவை வேறு பிளாஸ்டிக் டியூபுக்கு மாற்றி மறுபடியும் ஒரு முறை சுழற்ற வேண்டும்.